பகலில் சோறு ஏறாதவள்

பகல்ல எனக்கு சோறு ஏறாதுன்னு பதினோரு வருஷமா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பச்சப் பொய். நான் ஒரு சோத்துப் பைத்தியம். ராவைக்கு வீட்டுல நான் தட்டுல போட்டுக்கிறதப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரரு, "இதுக்கு மேல கறி போடணும்னா ஏணிதான் வைக்கணும்"னு கிண்டல் பண்ணுவாரு. ஆனா வேலை செய்யிற எடத்துல, பன்னெண்டரை ஆச்சுன்னா, பேக்கரிப் பையப் பிரிச்சு மீன் உள்ளுக்கு வச்ச ரெண்டு பணிஸ எடுத்து வச்சுக்கிட்டு, "எனக்கு இது போதும், பகல்ல சோறு ஏறாது"ம்பேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாப் போச்சு. ஞாயித்துக்கிழம வீட்டுல இருக்கிறப்பகூட பகலைக்கு சோறப் பாத்தா வயிறு ஒரு மாதிரி மந்தமாயிரும். டாக்டருகிட்ட போனா, "வேளைக்குச் சோறு சாப்பிடுங்க, கேஸ்டிரைட்டிஸ்"ங்கிறாரு.

எப்படி இப்படி ஆனேன்னு சொல்றதுக்கு வெக்கமா இருக்கு, கோவமாவும் இருக்கு. அந்தக் கோவத்துல முக்காவாசி என் மேலதான்.

மாத்தளை டவுன்ல, மொளகு, கராம்பு, ஏலம் எல்லாம் வாங்கி, துப்புரவு பண்ணி, தரம் பிரிச்சு கொழும்புக்கு அனுப்புற ஒரு ஸ்டோர்ல நான் வேலை செய்றேன். பல்லேபொல, நாலந்தா, ரத்தோட்டைன்னு நாலா பக்கத்துல இருந்தும் சாக்கு சாக்கா சரக்கு வந்து எறங்கும். பொம்பளைங்க அஞ்சாறு பேரு நீள மேசையில ஒக்காந்து கராம்புல காம்பு பொறுக்குவோம், மொளகுல உள்ளுக்கு ஒண்ணுமில்லாத பொக்கு தள்ளுவோம். சாயங்காலம் வீட்டுக்குப் போனா என் புள்ளைங்க கிட்ட வராதுங்க, தும்மல் வரும்னு.

பகல் சாப்பாடும் அதே மேசையிலதான். சரக்க ஒதுக்கிட்டு, பேப்பர விரிச்சு, எல்லாரும் டப்பாவத் தொறந்து நடுவுல வைப்போம். ஒருத்தி கறிய ஒருத்தி எடுத்துக்கணும். எழுதி ஒட்டாத சட்டம் அது. தன் டப்பாவ மட்டும் தின்னுட்டு எந்திரிச்சா, "என்னடி, யாரு மேல கோவம்?"னு கேட்டுருவாங்க.

இந்த மேசைக்கு ஒரு பெரியக்கா. டவுன்காரங்க. முதலாளிக்கு அடுத்தபடியா ஸ்டோர்ல அவங்க பேச்சுதான். நான் சேந்த அன்னைக்கு, என் பக்கத்துல வந்து ஒக்காந்து, ரொம்பப் பிரியமா கேட்டாங்க, "ஒனக்கு எந்தத் தோட்டம்?" சொன்னேன். ரத்தோட்டைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம். "அங்க எந்த லயம்?" அதையும் சொன்னேன். "பணிய லயம்க்கா."

தோட்டத்துல பொறக்காதவங்களுக்கு இது சும்மா விலாசம் விசாரிக்கிற மாதிரி இருக்கும். எங்களுக்குத் தெரியும் இது என்ன கேள்வின்னு. எங்க பூட்டன் காலத்துலயே இன்ன சாதிக்கு இன்ன லயம்னு வரிசை வீடுகளப் பிரிச்சு வச்சுட்டாங்க. ஃபேக்டரிக்கு மேல இருக்கிறது மேல் லயம், ஆத்துப் பக்கம் கீழ எறங்கி இருக்கிறது பணிய லயம். லயத்துப் பேரச் சொன்னாப் போதும், கேக்க நெனச்சதெல்லாம் கேக்காமலே கெடச்சிரும். நான் அப்ப சின்னவ இல்ல, முப்பத்திரெண்டு வயசு. ஆனாலும் வாயி முந்திக்கிருச்சு. உண்மைய சொல்லி வளந்த வாயி.

அன்னைக்கு பலாக்கொட்டையும் நெத்தலியும் போட்டு ஒரு பெரட்டல் கொண்டு போயிருந்தேன். நானே சொல்லக்கூடாது, அந்தப் பெரட்டல்ல என்னை அடிச்சுக்க ஆளில்ல. டப்பாவத் தொறந்து நடுவுல தள்ளி வச்சேன். பெரியக்கா தன் கத்தரிக்காப் பால்கறிய ஒரு கரண்டி எடுத்து என் சோத்துல போட்டாங்க. இன்னொருத்தி பருப்புப் போட்டா. என் டப்பாப் பக்கம் ஒரு கையும் வரல. பல்லேபொலையில இருந்து வர்ற சிங்களப் பொம்பள ஒருத்தி மட்டும் எட்டி ஒரு கரண்டி எடுத்தா, "ரசம் நங்கி"ன்னா, நல்லாருக்குன்னு. மறுநாளும் எடுத்தா. மூணாம் நாளு மேசையச் சுத்திப் பாத்தா. யாரும் எடுக்கலங்கிறதக் கவனிச்சுட்டா போல, அவ கையும் நின்னுருச்சு. அவளுக்கு லயமும் தெரியாது, ஒரு மண்ணாங்கட்டியும் தெரியாது. எல்லாரும் ஒதுக்குறாங்க, ஏதாவது இருக்கும்னு அவளும் ஒதுங்கிட்டா.

யாரும் என்னை ஒரு சொல்லு சொல்லல. அதுதான் கொடும. "இன்னைக்கு வயிறு சரியில்ல", "எனக்குக் காரம் ஆகாது", "ஐயோ, இதுவே மூக்கு முட்ட இருக்கு" – ஆளுக்கொரு சாக்கு. ரெண்டாவது கெழம பெரட்டல்ல உப்பு ஜாஸ்தியோன்னு வீட்டுக்காரருகிட்ட கேட்டேன். மூணாவது கெழம மெனக்கெட்டு கோழி வச்சுக் கொண்டு போனேன். கோழி! அதையும் முழுசா நானே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன். பஸ்ஸுல வர்றப்ப அழுக அழுகயா வந்துச்சு. மறுநாளு சமைக்கவே மனசு வரல. வழியில பேக்கரியில பணிஸ் வாங்கிட்டுப் போயி மேசையில வச்சேன். பெரியக்கா மொத ஆளா எடுத்தாங்க. "சூடா இருக்கே"ன்னு பாதிய பிச்சு வாயில போட்டாங்க. எனக்கு அப்பத்தான் கணக்கு வெளங்குச்சு. பேக்கரியில செஞ்சது ஆகும். என் கையால ஆக்குனதுதான் ஆகாது.

அன்னையில இருந்து பணிஸ். சில நாளு ரோல்ஸ், சில நாளு கிரீம் கிராக்கர். எல்லாரும் எடுத்தாங்க. எனக்கும் அந்த மேசையில ஒரு எடம் வந்துச்சு. "பணிஸ்காரி வந்துட்டாளா?"ன்னு கேலி பண்ணுவாங்க, நானும் சிரிப்பேன். உண்மையச் சொல்றேன், அந்தக் கேலி எனக்கு சந்தோஷமா இருந்துச்சு.

பெரியக்காவ கெட்டவங்கன்னு சொல்லிட்டுப் போயிரலாம். அப்படியும் சொல்ல முடியல. எனக்கு ஆபரேஷன் பண்ணி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப மூணு நாளு பிளாஸ்க்குல கஞ்சி கொண்டாந்தவங்க அவங்கதான். வீட்டுக்கு வந்தப்பறமும் பாக்க வந்தாங்க. என் மக தேத்தண்ணி ஊத்தப் போனா. "வேணாம்மா, போத்தல் சோடா ஏதாச்சும் இருந்தா குடு, வெயிலு"ன்னாங்க. அன்னைக்கு மழ தூறிக்கிட்டு இருந்துச்சு. என் மக கடைக்கு ஓடிப் போயி சோடா வாங்கிட்டு வந்தா. நான் கட்டில்ல சாஞ்சபடி, "ஆமாக்கா, நல்ல வெயிலு"ன்னேன்.

மேசையில நடந்தது மேசையோட நிக்கல. அத நான் இப்பத்தான் ஒக்காந்து யோசிக்கிறேன். அரக்குச் செவப்புன்னா உசிரா இருந்தவ நான். கொஞ்சங் கொஞ்சமா சாம்பலும் வெளிர் நீலமுமா சேல எடுக்க ஆரம்பிச்சேன், பெரியக்கா கட்டுறது அதுதானே. "செவப்பு கண்ண உறுத்துது"ன்னு கடைக்காரங்ககிட்டயே சொன்னேன். தேர் பாக்கப் போனாலும் கூட்டத்துக்குள்ள போறதில்ல, தூரத்துல நின்னு பாக்கத்தான் எனக்குப் புடிக்கும்னேன். டவுன்ல ஒரு ஃபேன்சி கடை இருக்கு. அந்தக் கடைக்காரம்மா என்னைக் கண்டா, "வாங்கக்கா, எங்க ரெண்டு நாளா ஆளையே காணோம்!"னு வாயெல்லாம் பல்லாக் கூப்பிடும். அந்த ஒரு வார்த்தைக்காகப் போயி நான் எதையாச்சும் வாங்கிட்டு வருவேன். எங்க வீட்டுல இப்ப பிளாஸ்டிக் பேசின் ஏழு இருக்கு. குடும்பத்துல நாலே பேரு. "எட்டாவது எப்ப வருது?"ன்னு வீட்டுக்காரரு கேக்குறாரு.

எது எனக்கு நெசமாப் புடிச்சது, எது ஒதுங்கி ஒதுங்கிப் புடிச்சுப் போனதுன்னு பிரிச்சுப் பாக்க முடியல. மொளகுன்னா சொளகுல போட்டுப் பொடைச்சா பொக்கு தனியா வந்துரும். மனசுல அப்படி வரமாட்டேங்குது. ஒண்ணு மட்டும் தெரியும். அவங்க வேணாம்னு சொல்றதுக்கு முந்தி நாமளே வேணாம்னு சொல்லிட்டா, தோத்த மாதிரி இருக்காது. அப்படிச் சொன்ன வேணாமெல்லாம் சேந்துதான் நான்னு ஆகிப் போச்சு.

இப்படியே போயிருக்கும். போன வருஷம் ஒரு புள்ள புதுசா வேலைக்கு வந்தா.

இருவத்தஞ்சு வயசிருக்கும். ஏ லெவல் பாஸ் பண்ணிட்டு, ஆசிரியர் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தா. போன தடவ கொஞ்சத்துல கோட்ட விட்டுட்டாளாம். வயசு எல்லைப்படி இதுதான் கடைசித் தடவ. ஞாயித்துக்கிழமையானா டவுன்ல கிளாஸுக்குப் போவா, மத்த நாளுல எங்களோட காம்பு பொறுக்குவா. தேத்தண்ணி நேரத்துல மடியில கொப்பிய வச்சு வாய்க்குள்ளயே பாடம் சொல்லிக்கிட்டிருப்பா. துடியான புள்ள.

மொத நாளே பெரியக்கா பக்கத்துல போயி ஒக்காந்தாங்க. "எந்தத் தோட்டம்மா?" சொன்னா. அது என் தோட்டம். "எந்த லயம்?" ஐயோ, சொல்லாதடி சொல்லாதடின்னு மனசுக்குள்ள கத்துறேன். அந்தப் புள்ள நிமிந்து ஒக்காந்து, "பணிய லயங்க"ன்னா. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, சிரிச்ச முகமா, "அக்காவுக்கு எந்தத் தோட்டம்?"னு கேட்டா.

நான் கையில இருந்த கராம்பப் பாத்துக்கிட்டே, "நாங்க டவுனு"ன்னேன்.

பெரியக்காவுக்குத் தெரியும் நான் எங்கன்னு. அவங்க ஒண்ணும் பேசல. அத ஒரு பெரிய உபகாரமா நெனச்சு நான் மனசுக்குள்ள கும்பிட்டேன். அந்தப் புள்ள ஒரு நிமிஷம் என்னையே பாத்துட்டு, "அப்படிங்களா"ன்னு குனிஞ்சு வேலையப் பாத்தா.

பகலைக்கு டப்பாவத் தொறந்தா. மரவள்ளிக்கெழங்கு மசிச்சு, நெத்தலிச் சம்பலோட. அந்த வாசம் என் மூக்குல ஏறுனதும் வாயில எச்சி ஊறுச்சு. டப்பாவ நடுவுல தள்ளி வச்சா. பெரியக்கா தன் கறிய அவளுக்குப் போட்டாங்க. எல்லாரும் போட்டாங்க. அவ டப்பாப் பக்கம் ஒரு கையும் போகல. நான் பணிஸ பிச்சுக்கிட்டே அதப் பாத்துக்கிட்டிருந்தேன். என் கை? என் கையும் போகல. எடுத்தா, எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாப்பாங்க, ரெண்டு பேரும் ஒண்ணுன்னு பழைய கதையெல்லாம் மேல வரும். பதினோரு வருஷமா பணிஸ் குடுத்துச் சேத்த எடம் போயிரும். அந்தப் பயந்தான்.

மனசு உறுத்தாமலும் இல்ல. அதுக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா? குடுக்க ஆரம்பிச்சேன். எல்லாருக்கும் ஒரு பணிஸுன்னா அவளுக்கு ரெண்டு. கொய்யாப்பழம் வாங்கிக் குடுத்தேன். பரீட்சைக்குப் பேனா வாங்கிக் குடுத்தேன். மழைக்கு என் கொடையவே குடுத்தேன். "அக்கா ரொம்ப நல்லவங்க"ன்னு வாங்கிக்குவா. நானும் பெருமையா வீட்டுக்குப் போவேன். அட முட்டாளே! அந்த மேசையில யாரும் எனக்கு ஒண்ணும் குடுக்காம இருந்தாங்களா? கரண்டி கரண்டியாக் குடுத்தாங்களே. என்கிட்ட இருந்து வாங்கித் திங்காததுதானே என்னைக் கொன்னுச்சு. ஒலகத்துல வேற யாருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்படியிருந்தும் நான் பெரியக்கா மாதிரியே குடுத்துக்கிட்டுதான் இருந்தேன்.

மூணு மாசம் அவ விடாம டப்பாவத் தொறந்து நடுவுல வச்சா. என்னை மாதிரி பேக்கரிக்கு ஓடல. என்னடா இது, இந்தப் புள்ளைக்கு ரோசமே இல்லையான்னுகூட நெனச்சேன்.

ஒரு திங்கக்கெழம முதலாளி மேசைக்கு வந்தாரு. நல்ல மனுஷன், சத்தமாப் பேசுவாரு. "லக்கலையில ஒரு எடம் எடுத்திருக்கேன். எள்ளு, பயறு, குரக்கன் எல்லாம் அங்கயே வச்சு வாங்கப் போறோம். எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒராள் வேணும். ஸ்டோருக்குப் பின்னால ரூம் இருக்கு, அங்கயே தங்கணும். யாரு போறீங்க?"ன்னாரு. எல்லாரும் குனிஞ்சு கராம்பக் கிண்ட ஆரம்பிச்சுட்டாங்க. லக்கலைன்னா சும்மாவா? நாளைக்கு ரெண்டு பஸ். பொழுது சாஞ்சா யானை வரும், கதவச் சாத்திக்கிட்டு உள்ளுக்கு இருக்கணும். தமிழ்ல ரெண்டு வார்த்த பேசணும்னா ஆளத் தேடணும். அதுக்கு மேல, ஞாயித்துக்கிழமதான் அங்க சந்த. அன்னைக்குத்தான் சனங்க சரக்கு கொண்டு வருவாங்க.

"நான் போறேன் முதலாளி"ன்னா அந்தப் புள்ள.

முதலாளிக்கே ஆச்சரியம். "கிளாஸ் இருக்கேம்மா ஒனக்கு?"

"பரவாயில்ல முதலாளி. எனக்கு தனியா இருக்கத்தான் புடிக்கும்."

அவ முகத்தப் பாத்தேன். அந்த முகம் எனக்கு நல்லாத் தெரியும். முதலாளி கொஞ்சம் யோசிச்சு, "வார திங்கக்கெழம போகணும். சனிக்கெழமைக்குள்ள மனசு மாறினா சொல்லு"ன்னுட்டுப் போனாரு.

அஞ்சு நாளு இருந்துச்சு எனக்கு. என்ன செய்யணும்னும் தெரியும். பெரிய மலையப் பெரட்டுற வேலயா? ஒரு கரண்டி. அவ டப்பாவுல இருந்து ஒரே ஒரு கரண்டி எடுத்து எல்லாரும் பாக்க வாயில வைக்கணும். செவ்வாக்கெழம எடுக்கலாம்னு போனேன், பெரியக்கா எனக்கு நேரா ஒக்காந்துட்டாங்க. புதன்கெழம அவ சீக்கிரமா மூடிட்டா. வியாழக்கெழம லாரி வந்துருச்சு. சாக்குக்கா பஞ்சம்? வெள்ளிக்கெழம பணிஸோட ஒரு சாக்லட்டும் வாங்கிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்து, அடுப்படியில நின்னு வீட்டுக்காரருகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன்.

"அந்தப் புள்ள டப்பாவுல நீ கை வச்சா என்ன, இடியா விழப்போகுது?"ன்னாரு.

"ஒங்களுக்கு அதெல்லாம் வெளங்காது."

"எனக்கா வெளங்காது? நானும் அதே லயந்தான்டி. நீ யாருகிட்ட டவுனுங்கிற?" எப்பவும் கிண்டல் பண்ற மனுஷன், அன்னைக்குச் சிரிக்கல.

சனிக்கெழம காலையில எந்திரிச்சு சோறாக்கினேன். பலாக்கொட்டை பெரட்டுனேன். பதினோரு வருஷத்துக்குப் பெறகு ஸ்டோருக்கு சாப்பாட்டு டப்பா கொண்டு போறேன், மொதமொதலா பள்ளிக்கூடம் போற புள்ள மாதிரி அத நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. பன்னெண்டரை ஆச்சு. டப்பாவெல்லாம் நடுவுல வந்துச்சு. நான் ஒருத்தரையும் பாக்கல. எட்டி, அந்தப் புள்ள டப்பாவுல இருந்து மரவள்ளிக்கெழங்கு ஒரு கரண்டி, சம்பல் ஒரு கரண்டி எடுத்து என் சோத்துல போட்டுப் பெசஞ்சேன். வாயில வச்சேன். அடி ஆத்தி, அந்த ருசி! கண்ணுல தண்ணி வந்துருச்சு. சம்பல் காரம்னு சொல்லிக்கலாம், ஆனா காரத்துனால இல்ல.

பெரியக்காதான் கேட்டாங்க, "ஒனக்குத்தான் பகல்ல சோறு ஏறாதே?"

"ஏறும்க்கா. எப்பவும் ஏறும். என் டப்பாவுல யாரும் கை வைக்கலன்னுதான் பணிஸ் கொண்டாந்தேன். நான் டவுனும் இல்ல ஒண்ணும் இல்ல. நானும் பணிய லயந்தான்."

"இப்ப யாரு என்ன சொல்லிட்டாங்க?"ன்னாங்க, தணிஞ்ச குரல்ல.

"யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. பதினோரு வருஷமா யாரும் ஒண்ணுமே சொல்லல."

பெரியக்கா கொஞ்ச நேரம் சோத்தக் கெளறிட்டு, டப்பாவ மூடிட்டு, கை கழுவ எந்திரிச்சுப் போயிட்டாங்க. பல்லேபொலக்காரிதான் ஒண்ணும் புரியாம என்னையும் அவங்களையும் மாத்தி மாத்திப் பாத்தா. அப்புறம் ரெண்டு டப்பாவுல இருந்தும் எடுத்து வாயில போட்டுட்டு, "இவ்வளவு நாளும் இந்தப் புள்ள கறி காரம்னு நெனச்சேன், காரமே இல்லையே!"ன்னு சிங்களத்துல சொல்லிச் சிரிச்சா. அந்தப் புள்ள மட்டும் தல குனிஞ்சவ நிமிரவே இல்ல.

நடந்தத முன்னாடியே சொல்லிர்றேன். அவ போயிட்டா. பரீட்சையும் அவ இல்லாமலே நடந்து முடிஞ்சுது. நான் இப்பவும் சோறுதான் கொண்டு போறேன். பல்லேபொலக்காரி எடுப்பா, இன்னொருத்தியும் எப்பவாச்சும் எடுக்கிறா. பெரியக்கா எடுக்கிறதில்ல, தன் கறிய எனக்குப் போடுறதும் இல்ல. பேசுறோம், வேலை நடக்குது. மொதல்ல கஷ்டமா இருந்துச்சு, பெறகு பழகிருச்சு.

பழகாதது ஒண்ணுதான். அந்த சனிக்கெழம சாயங்காலம் அந்தப் புள்ளையோட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போனேன். ரத்தோட்டை பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தா. "நான் முதலாளிகிட்ட பேசுறேன். பரீட்ச முடியிற வரைக்குமாச்சும் இரு"ன்னேன்.

"வேணாங்க்கா. வாக்குக் குடுத்துட்டேன். எனக்கு அங்க போறதுதான் புடிச்சிருக்கு."

"புடிக்கலடி. அது புடிச்சது இல்ல. என்கிட்ட கேளு, எனக்குத் தெரியும். இப்படித்தான் ஒவ்வொண்ணாப் புடிச்சுப் புடிச்சு, கடைசியில நம்மகிட்ட ஒண்ணும் மிஞ்சாது."

பஸ் வருதான்னு எட்டிப் பாத்தா. கோவமா இல்ல, அழுகையா இல்ல, ரொம்பச் சாதாரணமாத்தான் சொன்னா. "அக்கா, நீங்க எந்த லயம்னு மொத நாளே எனக்குத் தெரியும். ஒங்க அம்மாவும் எங்க அம்மாவும் ஒரே மலையில கொழுந்து எடுத்தவங்க. எனக்கு ஒரு துணிக்கடையிலயும் வேல கெடச்சுச்சு. அம்மாதான் சொன்னாங்க, ஸ்டோர்ல நம்ம அக்கா ஒண்ணு இருக்கு, அங்க போ, ஒனக்குத் தொணையா இருக்கும்னு."

நான் அவ கையில இருந்த டப்பாவையே பாத்துக்கிட்டு நின்னேன்.

"டவுனுன்னு சொன்னீங்க. சரி, ஆளுங்க முன்னால கூச்சப்படுறாங்க, போகப் போக சரியாயிரும்னு நெனச்சேன். மத்தவங்க எடுக்கலன்னு எனக்கு ஒரு வருத்தமும் இல்லக்கா. நான் தெனமும் ரெண்டு பேருக்குக் கணக்காத்தான் கொண்டாந்தேன்."

பஸ் வந்துச்சு. "வரேங்க்கா"ன்னுட்டு ஏறிட்டா. நான் அந்தச் சனத்துக்கு நடுவுல நின்னு வெக்கமில்லாம அழுதேன். பெரியக்கா எடுக்காததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, கேடுகெட்ட காரணந்தான், ஆனாலும் இருந்துச்சு. எனக்கு என்ன இருந்துச்சு? மூணு மாசம் அந்தப் புள்ள விடியக்காலையில எந்திரிச்சு எனக்கும் சேத்து ஆக்கியிருக்கா, அத என் கண்ணு முன்னாலயே மூடி மூடி தெனமும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போயிருக்கா.